வெளிநாட்டு ஏழை மக்களிடையே மிஷனெரியாகப் பணியாற்றப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஈரோடு மாவட்டத்துச் சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) ஒன்றிலிருந்து அனுப்பப்பட்டு, தான்சானியாவின் நடுப்பகுதியில் உள்ள சிங்கிடா வட்டாரத்தில் எட்டு ஆண்டுகள் ஊழியம் செய்தேன். திரும்பிய பிறகு கோவை, திருப்பூர், தாராபுரம் பக்கங்களிலிருந்து புறப்படுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பாதியில் திரும்பி வந்தவர்களில் விசுவாசம் குறைந்து வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மூன்றாம் ஆண்டில் செய்ய வேண்டியதை மூன்றாம் மாதத்தில் செய்துவிட்டு, அதைச் சரிக்கட்ட முடியாமல் வந்தவர்களே அதிகம். ஆகவே இந்த வழிகாட்டி வரிசையைப் பற்றியது. எடுத்துக்காட்டுகள் தான்சானியாவிலிருந்து வருகின்றன. நீங்கள் போகும் நாட்டில் சட்டமும் மொழியும் மாறும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. அழைப்பை எழுத்தில் பெறுதல்

தேவன் உங்களை அழைத்ததை உங்கள் சேகரம் விசாரித்து அறியட்டும். அங்குள்ள திருச்சபை அழைத்ததற்கு ஒரு கடிதம் இருக்க வேண்டும். தான்சானியாவில் லுத்தரன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கச் சபைகள் பெரியவை. அவற்றுக்கு அவர்களுடைய பேராயர்களும் குருமார்களும் இறையியல் கல்லூரிகளும் இருக்கின்றன. நீங்கள் அங்கே சபையை நிறுவப் போகவில்லை, ஏற்கெனவே இருக்கும் சபைக்கு விருந்தாளியாகப் போகிறீர்கள். தென்னிந்தியத் திருச்சபை உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருப்பதால், நம் பேராயத்திலிருந்து அவர்கள் பேராயத்துக்கு முறைப்படி எழுதிக் கேட்பது கடினமான காரியமன்று.

அந்தக் கடிதத்தில் ஐந்து செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும்: என்ன வேலை, எத்தனை ஆண்டு, யாருக்குக் கீழ், தங்குமிடம் யார் பொறுப்பு, குடியிருப்பு அனுமதிக்கு யார் விண்ணப்பிப்பார்கள். ஐந்தாவதைக் கேட்க மறந்துவிட்டுப் போய் இறங்கியவர்கள் உண்டு. அனுமதிக்குப் பொறுப்பேற்க அந்நாட்டில் ஒரு நிறுவனம் இல்லாவிட்டால், நீங்கள் அங்கே வெறும் சுற்றுலாப் பயணிதான்.

இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, வாட்ஸ்அப்பில் பழக்கமான ஒரு தனி ஊழியரை நம்பிப் புறப்படுவது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கும் அவருடைய பேராயத்துக்கும் இடையே என்ன வழக்கு நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

விசா வேண்டாம் என்பதற்காக நேபாளத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களையும் பார்க்கிறேன். எல்லையைக் கடப்பது எளிது என்பதை வைத்து ஊழியமும் எளிதாக இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். நேபாளத்தின் 2015-ஆம் ஆண்டு அரசமைப்பின் 26-ஆம் பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டம் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. வெளிநாட்டவர் என்றால் தண்டனைக்குப் பின் நாடு கடத்தப்படுவார். உங்கள் குழு மூன்று நாளில் ஊர் திரும்பிவிடும், வழக்கில் மாட்டிக்கொண்டு நிற்பவர் உங்களுக்கு வீடு கொடுத்த உள்ளூர் விசுவாசி.

2. சேகரத்திலும் வீட்டிலும் பேசி முடித்தல்

சேகரக் குழுவின் தீர்மானம் புத்தகத்தில் ஏற வேண்டும். அதில் மாதத் தொகை, அதற்கான ஆண்டுகள், அவசரப் பயணச் செலவு, திரும்பி வந்த பின் முதல் ஆறு மாதங்களுக்கான உதவி ஆகியவை குறிக்கப்பட வேண்டும். அனுப்புதல் ஆராதனையன்று கண்ணீரோடு கைதூக்கியவர்களில் பாதிப்பேர் இரண்டாம் ஆண்டில் வேறு தேவைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, வீட்டில் கல்யாணம் வரும், மில் மூடும், மழை பொய்க்கும். அதனால்தான் தீர்மானம் வேண்டும்.

வீட்டில் பேச வேண்டியது இன்னும் கடினம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, தோட்டத்தை யார் பார்ப்பது, பாகம் பிரிக்கும்போது யார் கையெழுத்திடுவது என்பவற்றை அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரும் இருக்கும்போது பேசி முடியுங்கள். நம்பிக்கையான ஒருவர் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டுப் போனால், பிறகு அதற்காகவே தூதரகத்துக்கு அலைய வேண்டியிராது. துக்கச் செய்திக்கு உடனே வர முடியாமல் போகலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். என் தாயாரின் அடக்கத்துக்கு நான் ஒரு நாள் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தேன். அதை முன்பே பேசியிருந்ததால் என் தங்கை என்னோடு இன்றும் பேசுகிறாள்.

3. புறப்படுமுன் இங்கேயே ஓராண்டு

திருப்பூரிலும் பெருந்துறையிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் பத்துப்பேர் ஓர் அறையாகத் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு கூட்டத்தாரோடு ஓராண்டு பழகி, அவர்களுடைய மொழியில் ஒரு நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் திரும்பும் அளவுக்குப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள்.

காரணம் எளியது. மொழி தெரியாத இடத்தில் அறிவாளியும் குழந்தையாகிவிடுகிறான்; அந்தத் தாழ்வைத் தாங்க முடியுமா என்பது பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவிலேயே தெரிந்துவிடும். தாங்க முடியாதென்று தெரிந்தால் விமானக் கட்டணமும் சேகரத்தின் பணமும் மிச்சம். என்னிடம் வந்தவர்களில் மூவர் இந்த ஓராண்டுப் பழக்கத்தின் நடுவிலேயே விலகிக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவர் இப்போது அதே வரிசை வீடுகளில் முழுநேர ஊழியராக இருக்கிறார், வெளிநாட்டுக்குப் போன பலரைவிட நன்றாகச் செய்கிறார்.

4. காகிதங்களின் வரிசை

முதலில் பெயரைச் சரிபாருங்கள். நம்மில் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானச் சான்றில் வேறு பெயர், கடவுச்சீட்டில் இனிஷியல் விரிந்து மூன்றாவது வடிவம். சேகரத்து அழைப்புக் கடிதம் ‘சாமுவேல்’ என்றும் பட்டச் சான்றிதழ் ‘சண்முகம்’ என்றும் இருந்தால், குடியேற்ற அதிகாரிக்கு நீங்கள் இரண்டு ஆட்கள். வேண்டுமானால் அரசிதழில் பெயர் மாற்றம் செய்து, அதற்குப் பிறகுதான் மற்றக் காகிதங்களைத் தொட வேண்டும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருந்தால் விமானச் சீட்டிலும் விசா விண்ணப்பத்திலும் சிக்கல் வரும். அதையும் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது கல்விச் சான்றிதழ்களின் சரிபார்ப்பு. மாநில அரசின் சான்று, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சான்று என்று இரண்டு படி உண்டு. நீங்கள் போகும் நாடு, பிற நாட்டுச் சான்றுகளை ஒரே முத்திரையோடு ஏற்கும் ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையோடு முடியும். இல்லையென்றால் புதுடெல்லியில் உள்ள அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றும் வேண்டும். இதற்கு அதிக நாள் பிடிப்பதால் முதலில் தொடங்க வேண்டும். காவல்துறை நற்சான்றை மாறாகக் கடைசியில் எடுக்க வேண்டும், ஏனென்றால் பழைய தேதியிட்ட சான்றை ஏற்க மாட்டார்கள். இரண்டையும் ஒரே நாளில் விண்ணப்பித்துவிட்டு, பட்டச் சான்றிதழ் வருவதற்குள் நற்சான்று காலாவதியாகி, மறுபடியும் அவிநாசி சாலைக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் வரிசையில் நின்றவர்கள் பலர்.

தான்சானியாவில் மிஷனெரிகளுக்கும் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உரியது ‘சி’ வகைக் குடியிருப்பு அனுமதி. சுற்றுலா விசாவில் போய் இறங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். பிடிபட்டால் அபராதம் உங்களோடு போய்விடும், கெட்ட பெயர் மட்டும் உங்களை அழைத்த சபைக்கு நிற்கும்.

5. உடம்பு

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே போட வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. ஊசிக்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை, ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும். கென்யா, உகாண்டா வழியாகப் பயணம் செய்பவர்களுக்கு இது மிகவும் அவசியம். அட்டையில்லாமல் அந்நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம்.

மலேரியா தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டே தேர்ந்தெடுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, அப்பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது ஆகாது. ஆண்டுக்கணக்கில் தங்குபவர்கள் பலர் மாத்திரையை ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், காய்ச்சல் வந்த அன்றே இரத்தப் பரிசோதனை என்ற விதியை விடவே கூடாது. நம் ஊர் வழக்கப்படி கசாயம் வைத்து இரண்டு நாள் பார்க்கலாம் என்று நினைப்பதுதான் இங்கிருந்து போனவர்களுக்கு ஆபத்து. ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் காணப்படும் ஃபால்சிபாரம் வகை அந்த இரண்டு நாளுக்குள்ளேயே மூளையைத் தாக்கிவிடலாம்.

நைரோபியிலிருந்து பறக்கும் ஆம்ரெஃப் மருத்துவ விமான சேவையில் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டுப் போவது நல்லது. உங்கள் மாத்திரைகள் உங்களுக்கு மட்டும். இரண்டு பேருக்குக் கொடுத்தால் மூன்றாம் நாள் காலையில் வாசலில் இருபது பேர் நிற்பார்கள். நீங்கள் அந்நாட்டில் பதிவு பெற்ற மருத்துவர் அல்லர்.

6. பணம் போகும் வழி

தனி மனிதர் தம் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்புத் திட்டம் இருக்கிறது; வரம்பு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர், எந்தச் சேகரத்துக்கும் அது ஒரு தடையாக இருக்கப்போவதில்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. வரிவிலக்குப் பெற்ற இந்திய அறக்கட்டளை, தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி ஒப்புதல் இல்லாமல் அந்தத் தொகைக்கு விலக்குக் கிடைக்காது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்திலேயே 11-ஆம் பிரிவில் இருந்த விதி இது. நல்ல எண்ணத்தோடு அறக்கட்டளைக் கணக்கிலிருந்து நேராக அனுப்பிவிட்டுத் தணிக்கையில் தவித்த பொருளாளர்களை நான் அறிவேன். ஆகவே பணம் எந்தக் கணக்கிலிருந்து யார் பெயரில் போகிறது என்பதைப் பட்டயக் கணக்கரோடு உட்கார்ந்து முடிவு செய்த பிறகே அனுப்புதல் ஆராதனைக்குத் தேதி குறிக்க வேண்டும்.

நீங்கள் பல ஆண்டு வெளிநாட்டில் வேலையாக இருக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கு உரிய என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வங்கியில் ஒரு படிவத்தோடு முடியும் வேலை இது.

7. பெட்டி

திருப்பூர்க்காரர்கள் இந்தப் பகுதியில் என்னைக் கோபித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் ஏற்றுமதியில் தங்கிப்போன பனியன்களைப் பத்துப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். வேண்டாம். அங்கே ‘மிட்டும்பா’ என்று சொல்லப்படும் பழந்துணிச் சந்தை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அதை விற்றுப் பிழைப்பவர்களும், தெருவோரத்தில் கால்மிதித் தையல் எந்திரத்தோடு உட்கார்ந்திருப்பவர்களும் உங்கள் சபையார்தாம். இலவசப் பனியன் முதலில் அவர்கள் பிழைப்பில்தான் கை வைக்கிறது. தாருஸ்ஸலாம் துறைமுகத்தில் பெட்டியை வெளியே எடுக்க ஆகும் செலவில் ஊரிலேயே துணி எடுத்துத் தைத்துவிடலாம்.

உங்களுக்கு வேண்டியவை: நல்ல கொசுவலை, தலைவிளக்கு, வாயை மூடி வைக்கக்கூடிய தண்ணீர்ப் புட்டி, கண்ணாடி போடுபவர் என்றால் இரண்டாவது கண்ணாடி, கொஞ்சம் மிளகு சீரகம். பாலித்தீன் பைகளைத் தான்சானியா 2019 ஜூன் முதல் தடை செய்திருக்கிறது. சாமான்களைத் துணிப்பையில் கட்டுங்கள்.

8. முதல் வாரம்

போய் இறங்கியதும் வட்டாரக் குருவானவரோடு கிராம அலுவலகத்துக்குச் சென்று, உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, அங்குள்ள விருந்தினர் பதிவேட்டில் பெயரெழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒரு நீளப் பலகையில் அரைமணி நேரம் காத்திருக்க நேரும். அதைக் கடமைக்குச் செய்யாதீர்கள். ஊர்த்தலைவருக்குத் தெரியாமல் ஊருக்குள் ஒரு வெளிநாட்டவர் தங்கியிருப்பது நம் ஊரிலும் பேச்சாகும், அங்கும் ஆகும்.

வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று ‘ஹோடி’ என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து ‘கரிபு’ என்று பதில் வந்த பிறகே படி ஏற வேண்டும். மூத்தவர்களுக்கு ‘ஷிக்காமோ’ என்று வணக்கம் சொன்னால் ‘மராஹபா’ என்பார்கள். இங்கேதான் நம்மவர்கள் தடுக்குகிறார்கள். நம் ஊரில் (குருவானவரையும் அவர் மனைவியையும் அழைப்பதுபோல்) ஐயரம்மா, ஐயா என்று மற்றவர்கள் முதலில் தோத்திரம் சொல்லிப் பழகியவர்கள், அங்கும் காத்திருக்கிறார்கள். ஷிக்காமோ வயதைப் பார்த்துச் சொல்லப்படுவது, பதவியைப் பார்த்தல்ல. முப்பது வயதுக் குருவானவர் அறுபது வயதுக் கூலிக்காரருக்கு முதலில் சொல்ல வேண்டும். சிறு பிள்ளையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்று கூப்பிடுகிற கொங்கு நாட்டாருக்கு இது ஒரு வாரத்தில் படிந்துவிடும்.

9. மொழிக்கு ஆறு மாதம், வேறு வேலையின்றி

மொரோகோரோவிலும் முசோமாவிலும் மிஷனெரிகளுக்கு அந்நாட்டு மொழியான சுவாஹிலி கற்பிக்கும் பள்ளிகள் உள்ளன. நான்கு மாதம் அங்கே, பிறகு இரண்டு மாதம் ஊரில் ஒரு குடும்பத்தோடு. ஆங்கிலம் தெரிந்த மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு உடனே ஊழியத்தைத் தொடங்குபவர்களுக்கு ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது கடைசி வரை தெரியாமலே போகும், மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்ல மாட்டார்.

தமிழருக்கு ஒரு சாதகம் உண்டு. சுவாஹிலியும் ஒட்டுநிலை மொழி; நாம் வினைக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள். ‘நி-னா-கு-பெண்டா’ என்ற ஒரே சொல்லில் நான், நிகழ்காலம், உன்னை, நேசித்தல் நான்கும் வரிசையாக நிற்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் இலக்கணம் வேகமாக வரும்.

ஒரு பாதகமும் உண்டு. சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளாதீர்கள். ‘பெறு’ என்பதற்கு உரிய சொல்லும் ‘வாத்து’ என்பதற்கு உரிய சொல்லும் முதலெழுத்தில் வல்லோசை, மெல்லிய ஓசை என்ற வேறுபாட்டால் மட்டுமே பிரிகின்றன. நம் குறிப்பேட்டில் இரண்டும் ‘பாட்டா’தான். நான் ஆறு வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க அப்படி எழுதினேன். பிறகு ஒரு ஜெபக் கூட்டத்தில் ‘கிருபையைப் பெறுகிறோம்’ என்று சொல்ல எழுந்து வாத்தைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தேன். மூதாட்டி ஒருவர் சிரிப்பை அடக்க, அங்கே பெண்கள் உடுத்தும் ‘கங்கா’ என்ற துணியை வாயில் வைத்துக்கொண்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. சுவாஹிலி எழுதப்படும் உரோம எழுத்திலேயே எழுதிப் பழகுங்கள்.

மணிக்கணக்கையும் முதல் வாரத்திலேயே கற்க வேண்டும். அவர்களுக்கு நேரம் சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. காலை ஏழு மணிக்கு ‘ஸா மோஜா’, அதாவது முதல் மணி. நம் தாத்தாக்கள் நாழிகை எண்ணியதும் உதயத்திலிருந்துதானே. ‘ஸா டாட்டு’வுக்கு, மூன்றாம் மணிக்கு, வாருங்கள் என்றால் காலை ஒன்பது மணிக்கு வர வேண்டும். மாலை மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்த புதியவர் ஒருவர், கல்லறையில் மண் மூடி, ஆட்கள் போய், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பையன்களைத்தான் பார்த்தார்.

10. அண்டை வீட்டாராக ஆவது

உங்களை அங்கே வெள்ளைக்காரராக எண்ண மாட்டார்கள். ‘முஹிண்டி’ என்பார்கள், இந்தியர். பல தலைமுறைகளாக அவர்கள் கண்ட இந்தியர் கடை முதலாளி. ஆகவே நீங்கள் பேசத் தொடங்கும் முன்பே, உங்களிடம் பணம் இருக்கிறது, விலை பேசுவீர்கள், வீட்டுக்குள் விட மாட்டீர்கள், உங்கள் வீட்டில் வேலைக்காரர்கள் பின்வாசலில் வருவார்கள் என்று எண்ணப்பட்டிருப்பீர்கள். விளக்கம் சொல்லி இதை மாற்ற முடியாது. அவர்கள் வீட்டு ‘உகாலி’யை, நம் சோளக்களிக்கு அண்ணன் தம்பி முறையாகும் மக்காச்சோளக் களியை, ஒரே தட்டில் வலக்கையால் கிள்ளித் தின்ன வேண்டும், அவர்களும் உங்கள் வீட்டு முன்வாசல் வழியாக வந்து உட்கார வேண்டும். ஓராண்டு ஆகும்.

துக்க வீட்டுக்குப் போவதை ஒருபோதும் தவறவிடாதீர்கள். அங்கே ‘ம்சிபா’ நடக்கும் வீட்டில் போய் ஆண்களோடு ஆணாக, பெண்களோடு பெண்ணாக மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ‘போலே’ என்ற ஓர் ஆறுதல் சொல் போதும். பிரசங்கம் செய்யக் கேட்டால் மட்டும் செய்யுங்கள்.

கல்யாணத்துக்கும் சாவுக்கும் ‘ம்சாங்கோ’ என்று பணம் சேர்ப்பார்கள். யார் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுவார்கள். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மொய் நோட்டுதான். அண்டை வீட்டார் என்ன எழுதுகிறாரோ அதையே நீங்களும் எழுதுங்கள். பத்து மடங்கு எழுதினால் அந்த வீட்டாரால் திருப்பிச் செய்ய முடியாது. திருப்பிச் செய்ய முடியாத மொய் உறவை முறித்துவிடும் என்பது நம் ஊரில் பத்து வயதுப் பையனுக்கும் தெரியும், வெளிநாடு போனதும் நமக்கு மறந்துவிடுகிறது.

எனக்கும் மறந்தது. அங்கே ஞாயிறு ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த கோழி, முட்டை, சோளக்கதிர்களைக் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள், நம் அறுப்பின் பண்டிகை ஏலம் போல. மூன்றாம் வாரம் ஒரு கோழிக்கு நான் சந்தை விலையைப் போல் ஐந்து மடங்கு கேட்டேன். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு பல மாதம் எந்தப் பொருள் ஏலத்துக்கு வந்தாலும், ஏலம் விடுபவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார், மற்றவர்கள் கேட்பதையே நிறுத்தினார்கள். காணிக்கை கூடவில்லை, கொடுப்பவர்கள் குறைந்தார்கள்.

பள்ளிக் கட்டணம் கேட்டு வருபவர்களுக்கு உடனே ஆம் என்று சொல்லுமுன் விசாரியுங்கள். தான்சானியாவில் அரசு உயர்நிலைப் பள்ளியின் நான்காம் படிவம், அதாவது நான்காம் ஆண்டு வகுப்பு, வரை 2016 முதல் கட்டணம் இல்லை. உண்மையான தேவை சீருடையாகவோ நோட்டுப் புத்தகமாகவோ தங்குமிடமாகவோ இருக்கும். அதையும் தனியாகக் கொடுக்காமல் சபையின் ஏழைகள் நிதி வழியாகக் கொடுங்கள். யாருக்குத் தேவை, யாருக்கு நடிப்பு என்பது உங்களைவிட அந்தச் சபை மூப்பர்களுக்கு நன்றாகத் தெரியும்.

11. வேலையைத் தொடங்குவது

இரண்டாம் ஆண்டில்தான். கொங்கு நாட்டாருக்கு வறண்ட ஊரைப் பார்த்ததும் முதலில் தோன்றுவது ஆழ்துளைக் கிணறு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறெதை நினைப்போம்? எனக்கு முன் வந்த ஒரு குழுவினர் இரண்டாம் மாதத்திலேயே ஓர் ஊரில் கைப்பம்பு போட்டுக் கல்வெட்டும் வைத்திருந்தார்கள். நான் பார்த்தபோது தண்டு ஒடிந்து ஓராண்டாகியிருந்தது. பெண்கள் அந்தப் பம்பைக் கடந்து போய், வறண்ட ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டுகொண்டிருந்தார்கள். ஏன் பழுது பார்க்கவில்லை என்று கேட்டேன். ‘அது இந்தியர்களுடைய பம்பு’ என்றார் ஒரு பெண்மணி, குறை சொல்லும் தொனியே இல்லாமல்.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் ஊர்க்கூட்டம் தானாகக் கேட்க வேண்டும். பிறகு தண்ணீர்க் குழு அமைத்து, பம்பு வருமுன்பே ஆறு மாதம் பராமரிப்புப் பணம் வசூலிக்க வேண்டும். வசூல் நடக்கவில்லை என்றால் பம்பும் நிலைக்காது என்று அப்போதே தெரிந்துவிடும். அடுத்து, ஊரகக் குடிநீருக்காக 2019-இல் அமைக்கப்பட்ட ருவாசா முகமையிடமும், நிலத்தடி நீருக்கு அனுமதி தரும் படுகை நீர் வாரியத்திடமும் போக வேண்டும். பிறகு தண்ணீர்ப் பரிசோதனை. சிங்கிடா, அருஷா, ஷின்யாங்கா பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். தர்மபுரிப் பிள்ளைகளின் பல்லில் காணும் அதே பழுப்புக் கறையை அங்கும் பார்ப்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதற்கு மேலிருந்தால் அந்தக் கிணற்றைக் குடிநீருக்கு விடக் கூடாது. பக்கத்து நகரத்தில் உதிரிப்பாகம் கிடைக்கும் பம்பாகப் பார்த்து வாங்குவதும், ஊரில் இரண்டு பேரைப் பழுது பார்க்கப் பயிற்றுவிப்பதும் கடைசிப் படி. கல்வெட்டு வேண்டாம்.

கோழிப்பண்ணை, தையல், சேமிப்புக் குழு எதுவானாலும் வரிசை இதுவே: கேட்பு, குழு, அவர்கள் பணம், அனுமதி, சோதனை, அதன் பிறகே உங்கள் பணம்.

12. பிரசங்கமும் உதவியும்

முதல் ஆண்டு பிரசங்க பீடத்துக்குப் போகாமல் பாடகர் குழுவின் பின்வரிசையில் உட்காருங்கள். ஞானஸ்நானத்தையும் உதவியையும் எந்த வகையிலும் முடிச்சுப் போடாதீர்கள். உதவிப் பட்டியலைத் தயாரிப்பவரும் ஞானஸ்நான ஆயத்த வகுப்பு நடத்துபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அரிசிக்காக வந்தவர் அரிசி நின்றதும் போய்விடுவார் என்பதோடு, மனதார வந்தவரையும் ஊர் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடும்.

13. கடிதமும் படமும்

சேகரத்துக்கு மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும். தோல்விகளையும் எழுத வேண்டும். படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். குழந்தைகளின் முகம் தெரியும் படமும், நோயாளியின் படமும் வேண்டவே வேண்டாம்.

கதவில்லாத ஒரு மண்வீட்டின் முன் ஒரு பெண் நிற்கும் படத்தை, கதவுகூட இல்லாத வறுமை என்று எழுதி நான் அனுப்பியிருந்தேன். அது முகநூலில் ஏறி, தாருஸ்ஸலாமில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் அண்ணன் கண்ணில் பட்டது. விடுமுறைக்கு வந்தவர் என் வாசலில் ஹோடி சொல்லி, உட்கார்ந்து, தேநீர் குடித்து முடித்த பிறகு கேட்டார்: ‘அன்று கதவைச் சரி செய்யக் கழற்றித் தச்சரிடம் கொடுத்திருந்தோம். நீங்கள் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?’ எழுதுவதை அவர்கள் படிப்பார்கள் என்று எண்ணியே எழுதுங்கள்.

14. ஒப்படைப்பும் திரும்புதலும்

கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே வங்கிக் கையெழுத்து, சாவி, கணக்குப் புத்தகம் மூன்றையும் உள்ளூர்க் குழுவிடம் கொடுத்துவிட்டு, மீதி மாதங்கள் சும்மா கூட இருங்கள். விமானம் ஏறும் வாரத்தில் ஒப்படைத்தால் முதல் தவறு நடக்கும்போது கேட்க ஆளிருக்காது.

திரும்பிய பின் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், கோவையிலோ ஈரோட்டிலோ மருத்துவர் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருப்பதை நீங்களே முந்திச் சொல்லி மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

அங்கிருந்து தொலைபேசி வரும். நலம் விசாரிப்பவர்களோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள். யாரைப் பொருளாளராக வைப்பது, எந்த ஊருக்கு அடுத்த பம்பு என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். முதல் ஆண்டு நான் சொல்லிக்கொண்டிருந்தேன். குழுவின் தலைவர் ஒரு நாள் கூட்டத்தில் ஒரு முடிவைச் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, ‘இந்தியாவைக் கேட்டாயிற்றா?’ என்றாராம். அதைக் கேள்விப்பட்ட பிறகு அப்படிப்பட்ட கேள்விகளுக்கு நான் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறேன்: குழுத் தலைவரின் தொலைபேசி எண்.